நீட்டிய கை

கெய்லி நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

பாரிஸ்டர் பிலிப்பா ஹார்க்ரேவ் அதைப் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், கறுப்பு அங்கியைப் பைக்குள் திணித்தார், ஹல் நகரக் கோர்ட்டின் படிகளில் இறங்கிப் போயே போய்விட்டார்.

இத்தனைக்கும் சற்று முன்னால்தான் அந்தம்மா கண்ணில் பட்டவர்கள் கையையெல்லாம் குலுக்கினார். கடையில் புகுந்து கல்லாவை உடைத்தான் என்று கூண்டில் நின்று, அன்று விடுதலையான கட்சிக்காரன் கை. அவன் அம்மா கை. அவனைப் பிடித்துவந்த போலீஸ்காரர் கை. வாசல் காவலாளியின் கையைக்கூட விடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மட்டும் ஒரு தலையாட்டல். தோற்றவரிடம் என்ன கொஞ்சல் என்று கெய்லி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த தலையாட்டல் அவளுக்கு.

கெய்லி சட்டக் கல்லூரி மாணவி. வேலை பழகுவதற்காக ஒரு வாரம் பிலிப்பாவின் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பாரிஸ்டர் பயிற்சிக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டாலே மயக்கம் வரும். உதவித்தொகைக்கு மனுப் போட நாளை சாயங்காலம் கடைசி. இரண்டு பேர் சிபாரிசு வேண்டும். ஒருவர் பேராசிரியர், கொடுத்துவிட்டார். இன்னொருவர் பாரிஸ்டராகவே இருக்க வேண்டும். கெய்லியின் வம்சத்தில் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் எல்லோரும் போனது கூண்டுக்கு.

கை கொடுத்துவிட்டு அப்படியே சிபாரிசைக் கேட்டுவிடலாம் என்று வாரம் பூராவும் ஒத்திகை பார்த்திருந்தாள். இனி எந்த முகத்தோடு கேட்பது?

ஹெஸ்ல் ரோடு என்ற தெருவில் அம்மாவின் மீன் வறுவல் கடை. அன்று சாயங்காலம் கெய்லி அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏண்டி, இதோட மூணு மீனைத் தீய்ச்சாச்சு. போய் உக்காரு" என்றாள் அம்மா டெனிஸ்.

"உக்கார முடியலம்மா."

"அப்படி என்னதான் ஆச்சு?"

சொன்னாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"கல்லாவை உடைச்சான்னு கூண்டுல நின்னவன் கையைத் தொடுவாளாம், என் பொண்ணு கையைத் தொட மாட்டாளாமா? மீன் நாத்தம் அடிக்குதாமா?"

கெய்லி கையை மோந்து பார்த்தாள். அடிக்கத்தான் செய்தது. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாள். மறுபடி மோந்தாள்.

"ஒருவேளை அது இல்லையோ என்னமோ. புதன்கிழமை நான் வாயைக் குடுத்துட்டேன். சாட்சி சொன்ன கடைக்காரர்கிட்ட, 'எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க'ன்னு கேக்கப் போறதா மேடம் சொன்னாங்க. கேக்காதீங்க, அவர் கதை கதையா அவிழ்த்து விட்டு நம்ம கேஸைக் கெடுத்துடுவாருன்னேன். அவங்க விடல, நானும் விடல. சாப்பாட்டு நேரம் பூரா சண்டை."

"யாரோட? அந்தப் பெரிய வக்கீலம்மாவோடவா?"

"ம்."

"வெளங்கினாப்பலதான்! கடைசில கேட்டாளா?"

"கேக்கல."

"பின்னே? அந்தக் கடுப்புதான். நாளைக்குப் போய்க் கெஞ்சிக் கேளு. கெஞ்சினா நீ ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டே."

மறுநாள் காலை கெய்லி கெஞ்சத்தான் போனாள். பேச வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம்கூடச் செய்தாள்.

கோர்ட் கேன்டீனில் பிலிப்பா டீக் கோப்பையோடு நின்றிருந்தார். யாரோ புதுக் கட்சிக்காரன், கழுத்தெல்லாம் பச்சை குத்தியவன், கை நீட்டினான். பிலிப்பா சிரித்த முகமாகக் குலுக்கினார். மனப்பாடம் செய்ததெல்லாம் கெய்லிக்குப் பறந்துவிட்டது.

"மேடம், உங்ககிட்ட ஒரு சிபாரிசு கேக்கணும்னு வந்தேன். இப்ப வேண்டாம்."

"ஏம்மா?"

"என் கையில மீன் வாடை வரும்தான். எங்கம்மா கடையில மீன் கழுவித்தான் படிக்கிறேன். ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கையையும் குலுக்கறீங்க. என் கை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

நாலு மேஜை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, உதவித்தொகையும் போச்சு, பயிற்சியும் போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

பிலிப்பாவின் முகம் காதுவரை சிவந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே! நேத்து எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நான் கை குடுத்தேனா?"

"இல்ல. அவர் தோத்துட்டாரே."

"அவர் ஜெயிச்சிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அவர் என் கூடப் படிச்சவர். என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன். அவரும் நானும் இன்னிவரைக்கும் கோர்ட்டுல கை குலுக்கினதே இல்ல. கட்சிக்காரன், போலீஸ், காவலாளி, யாருக்கு வேணா குடுப்போம். பாரிஸ்டரும் பாரிஸ்டரும் மட்டும் கை குடுத்துக்க மாட்டோம். நமக்குள்ள என்ன கை குலுக்கல்னு ஒரு பழைய வழக்கம்."

கெய்லி தன் கையையே பார்த்தாள்.

"ஆனா மேடம், நான் இன்னும்..."

"தெரியுதும்மா, தப்பு என்மேலதான்." பிலிப்பா போனை எடுத்தார். "சிபாரிசை எங்க அனுப்பணும், சொல்லு. புதன்கிழமை என்கிட்ட மல்லுக்கு நின்னே பாரு, அன்னியிலேருந்து நீ இன்னும் பாரிஸ்டர் ஆகலைங்கறதே எனக்கு மறந்து போச்சு."