வேறு ஆள் இல்லையா?

"வேற யாராவது இருக்காங்களா?"

சரத் இப்படிக் கேட்டதும் வரவேற்பு மேசையில் இருந்த தாரிணிக்குச் சுருக்கென்றது. மசாஜ் அறையின் கதவு திறந்துதான் இருந்தது. வாசல் வரை வந்து சிரித்துவிட்டு உள்ளே போன வசந்தமலரின் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

ஒரே வாரத்தில் இவன் மூன்றாவது ஆள். மூன்று பேரும் தமிழர்கள்.

திங்கட்கிழமை வந்த வெற்றி என்ற பையன், வசந்தமலரைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவன்தான், திரும்பவே இல்லை. நேற்று வந்த நர்ஸ் அபர்ணா, காரை மாற்றி நிறுத்திவிட்டு வருகிறேன் என்றாள். எதிரே மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரின் கார் பார்க் மைதானம் மாதிரி கிடக்கிறது. அதில் எங்கே மாற்றி நிறுத்தினாளோ, இன்னும் வந்து சேரவில்லை.

வசந்தமலருக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக்காரர். புக்கெகோஹி காய்கறிப் பண்ணையில் பதினெட்டு வருஷம் கேரட் பேக் பண்ணிவிட்டு, அதன் பிறகு ஆசைப்பட்டு மசாஜ் படித்தவர். மேலாக எண்ணெய் தடவி அனுப்புகிற கதையெல்லாம் அவரிடம் கிடையாது. அடித்தசை வரை அழுத்தி, இறுகிக் கிடக்கிற முடிச்சைத் தேடிப் பிடித்து இளக்கிவிடுவார். ஒருமுறை வந்த வெள்ளைக்காரர்கள் மறுமுறையும் அவரைத்தான் கேட்டார்கள்.

ஆனால் முதலாளி லிண்டாவுக்கு மனதில் ஒரு முள். அக்கம்பக்கத்துத் தமிழர்கள் வருவார்கள் என்றுதான் அவரை வேலைக்கு எடுத்தாள். சொந்த ஆட்களே வேண்டாம் என்று போகிறார்கள் என்றால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு குறை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தொண்ணூறு நாள் ட்ரயல் வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்றோடு அனுப்பிவிடப் போகிறேன் என்று காலையில்தான் தாரிணியிடம் சொல்லியிருந்தாள். வசந்தமலருக்கும் அது அரசல்புரசலாகத் தெரியும்.

அவர் மதியம் கொண்டுவரும் இடியாப்பத்தில் பாதி தாரிணிக்குத்தான். அந்த உரிமையில் மூன்று பேர் மேல் இருந்த கோபமும் சரத் தலையில் விடிந்தது.

"யார் வேணும்? எம்மாவா?" என்றாள். அங்கே மசாஜ் செய்கிற இன்னொருத்தியான எம்மாவுக்கு இருபத்தைந்து வயது.

"யாரா இருந்தாலும் சரிங்க. ஆம்பளையா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்ப இவங்க மட்டும்தான் வேண்டாம். அப்படித்தானே?"

சரத் மாரத்தான் பயிற்சி என்று ஓடி ஓடி இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிப்போய், நொண்டிக்கொண்டு வந்திருந்தான். அந்த நிலையிலும் வாசலையே பார்த்தான்.

தாரிணி விடவில்லை. நம்மாளை நம்மாளே மதிக்கிறதில்லை, கடல் தாண்டி வந்தாலும் இந்தப் புத்தி போகாது, வெள்ளைத்தோல் தொட்டால்தான் உங்கள் வலியெல்லாம் போகுமோ என்று பொரிந்து தள்ளினாள். லிண்டா கேட்டால் தன் வேலைக்கே உலை என்று தெரிந்தும்தான் பேசினாள்.

வசந்தமலர் வெளியே வந்தார்.

"தம்பி, நேராச் சொல்லுங்கோ. என்னில என்ன பிழை?"

சரத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. எங்க அம்மா வயசு உங்களுக்கு. நீங்க என் காலைப் பிடிச்சுவிடறதா? தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்னு சொல்லி வளர்த்தாங்க. அதை உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."



வசந்தமலர் சிரிக்க ஆரம்பித்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் இப்படிச் சிரித்துத் தாரிணி பார்த்ததே இல்லை.

"கரட் பிடிச்ச கை, சொரசொரப்பு எண்டு நினைச்சன். கிழவி எண்டு நினைச்சன். நித்திரை இல்லாமக் கிடந்தன், தம்பி. கடைசியில உங்கட மரியாதைதானோ என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது?"

சரத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"இதுக்கு அது சரியாப் போச்சுன்னு வெச்சுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்துக்கு உள்ளேயிருந்து "அம்மா... அம்மா..." என்று முனகல் கேட்டது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து நொண்டாமல் நடந்து வந்தவன், அடுத்த நாலு சனிக்கிழமைக்கும் வசந்தமலரிடமே நேரம் பதிந்தான். கூட ஓடுகிறவர்களுக்கும் சொல்கிறேன் என்றான்.

தாரிணிக்குத் தரையில் கால் பாவவில்லை. நேரே லிண்டாவின் அறைக்குப் போனாள். கால் என்றால் எங்களுக்கு என்ன, பெரியவர்கள் என்றால் என்ன, வந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னாள். லிண்டா கண்கொட்டாமல் கேட்டாள். தனக்கு இது தோன்றவே இல்லையே என்று வருத்தப்பட்டாள். வெள்ளிக்கிழமைக்கென்று எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டாள். வசந்தமலர் வேலை நிரந்தரம் என்று நீயே போய்ச் சொல் என்றாள்.

தாரிணி ஒரு வேலையைக் காப்பாற்றிய பெருமையோடு கதவு வரை போயிருப்பாள். லிண்டா கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம், தாரிணி. ஸ்டாஃபுக்கு வாரம் ஒரு மசாஜ் இலவசம். எல்லாரும் வசந்தாவிடம் போகிறார்கள், நீ மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அவர் மேல் முதல் சந்தேகமே வந்தது."