மரியாதையான பிள்ளை

ஜெனிட்டாவுக்குப் பிறவியிலிருந்தே பேச்சு வராது. கழுத்தில் தொங்கும் கருவிதான் அவள் மனசில் நினைப்பதைச் சொல்லும். போன வருஷம் மாதா கோயில் திருவிழாவில், ஆசையாகக் கன்னத்தைக் கிள்ளிய பங்குத்தந்தையை அது "போலே, பன்னி" என்று ஏசிவிட்டது. அம்மா எஸ்தருக்கு மானமே போயிற்று. பள்ளியில் மகளுக்கென்று தனிக் கல்வித் திட்டம் வகுக்கும் கூட்டத்தில் அவளே வாய்விட்டுக் கேட்டாள்: "பள்ளிக்கூடத்துலயாவது கருவி மரியாதையா பேசுத மாதிரி வச்சிருங்க சார்."

வைத்தார்கள். அன்றிலிருந்து பிள்ளை எதை நினைத்தாலும் அங்கே அது பணிவாகத்தான் வெளியே வந்தது.

இன்று, மகள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தோடு வந்த எஸ்தர் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மர ஸ்கேல் சுளீரென்று விழுந்தது. உடனே கருவியின் தேன்குரல்: "நன்றி சார்." மறுபடியும் சுளீர். "நன்றி சார்."

கதவைத் தள்ளினாள். மகளின் புறங்கை பிய்ந்து ரத்தம் வழிந்தது.

"எம்பிள்ளைய என்னல செய்யுத?"

"நீங்களே கேட்டீங்கல்லா," என்றார் வகுப்பாசிரியர் சகாயராஜ். "ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்காளா?"

எஸ்தர் ஸ்கேலைப் பிடுங்கி அவர் முகத்தில் விளாசினாள். மூக்கு உடைந்தது. விழுந்தவரை விடாமல் அடித்தாள். ஸ்கேல் முறிந்தது, முறிந்த துண்டாலும் அடித்தாள்.

"நன்றி அம்மா," என்றது கருவி.

திரும்பினாள். ஜெனிட்டா மேசைக்கடியில் சுருண்டு, ரத்தக் கைகளால் காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நன்றி அம்மா. நன்றி அம்மா. நன்றி அம்மா."