பெட்ரோல் குழாய்

“இந்த பெட்ரோல் குழாயை இன்னைக்கே மாத்திக் குடுங்க” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் வந்தவர்.

சர்வீஸ் மேலாளர் பொறுமையாகத்தான் பேசினார். “புது வண்டி சார், கசிவே இல்ல. கம்பெனி உத்தரவு வராம மாத்துக் குழாய் அனுப்ப மாட்டாங்க.”

“இந்த மாடல்ல ஏழு வண்டி எரிஞ்சிருக்கு. என் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நேத்து இதை வாங்கிட்டா. கைக்குழந்தையோட போறவ.”

“நாங்களும் எழுதி அலுத்துட்டோம் சார். தலைமை ஆபீஸ்ல யாரோ பெரிய அதிகாரிகிட்ட ஃபைல் நாலு மாசமா தூங்குதாம். அந்த ஆளை இதுல உக்கார வெச்சு ஒரு நாள் முழுக்கச் சுத்த விடணும்.”

வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

அவர் அறைக்குள் நுழைந்ததும் உதவியாளர் எழுந்தார். “சார், எம்.டி. பேசினார். விற்பனை சூடு பிடிச்சிருக்காம். அந்த ஃபைலை இன்னும் கொஞ்ச நாள் அப்படியே வெச்சிருக்கச் சொன்னார்.”

இழுப்பறையைத் திறந்தார். நாற்பதாயிரம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு அதில் இருந்தது. அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

உட்காராமலே போட்டார். நான்கு நொடிகூட ஆகவில்லை.