சமையலறையைப் பார்க்காதவர்

“சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காம ஒருத்தர் வீடு வாங்குவாரா?” என்று கேட்டாள் ஜுவேரியா.

கணவர் தௌசீஃப் டீயை ஆற்றிக்கொண்டே, வந்தவர் பெரிய இடம், குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டெல்லாம் நிற்க மாட்டார் என்றார். அந்தச் சமாதானம் ஜுவேரியாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கை நிறைய மோதிரம் போட்ட அந்த மனிதர் வந்தார், நேரே மொட்டை மாடிக்குப் போனார், நாலு பக்கமும் பார்த்தார், தெரு எத்தனை அடி அகலம் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட கிரானைட் மேடையை அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்பதில் வருத்தமும் உண்டு.

சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆறே வீடுகள் கொண்ட பழைய கட்டடம் அது. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி ஏறி வருவதற்குள் தௌசீஃபின் முட்டி இரண்டும் அழுதுவிடும். அதனால்தான் கொட்டிவாக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். பழையதை விற்றால்தான் புதியதை வாங்க முடியும். ஆயுசுக்கும் சேர்த்த ஒரே சொத்து இதுதான், இதில் ஏமாந்தால் இந்த வயதில் வாடகை வீடு தேடி அலைய வேண்டும்.

அந்தக் கவலைக்கு மருந்துபோல வந்தவன்தான் நாகராஜ், கொட்டிவாக்கத்தில் கட்டடம் கட்டிய கம்பெனியின் ஆள். உங்கள் பழைய வீட்டை நாங்களே விற்றுத் தருகிறோம், புரோக்கர் கமிஷன் கிடையாது, அலைச்சல் கிடையாது என்றான். சாமான் ஏற்றும் லாரிகூடக் கம்பெனி செலவாம்.

“இதுல உங்களுக்கு என்ன லாபம் தம்பி?” என்று அவனிடம் நேராகவே கேட்டாள்.

“எங்க வீடு ஒண்ணு சீக்கிரம் வித்துடுதே மேடம், அதான் லாபம்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. சும்மா கிடைக்கிற கொத்தமல்லியைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவள் அவள்.

நாகராஜ் கூட்டிவந்த அந்த மோதிரக்காரர் எதிர்பார்த்ததைவிடக் குறைத்துத்தான் கேட்டார். இன்னும் நாலு பேர் வந்து பார்க்கட்டுமே என்றாள் ஜுவேரியா. அதற்குள் கொட்டிவாக்கம் வீட்டுக்கு வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் என்று நாகராஜ் சொல்ல, தௌசீஃப் பதறிப்போய்த் தலையாட்டிவிட்டார்.

“பத்திரம் முடியற வரைக்கும் அக்கம்பக்கத்துல மூச்சு விடாதீங்க மேடம். கண்ணு பட்டுடும்,” என்றான் நாகராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே.

அதை அவன் சொல்லியே இருக்க வேண்டாம். நஜர் படும் என்று, மகனுக்குப் பெண் பார்த்ததையே நிக்காஹ் பத்திரிகை அடிக்கும்வரை மறைத்தவள் ஜுவேரியா. கீழ்வீட்டு அன்புச்செல்விக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. நல்ல வஞ்சிரம் வந்தால் முதல் துண்டு ஜுவேரியாவுக்குத்தான் எடுத்து வைப்பாள். அப்படிப்பட்டவளிடமும் வாயைத் திறக்கவில்லை. நல்ல வேளையாக அவளே, எண்ணூரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அங்கேயே கொஞ்ச நாள் இருக்கப்போகிறேன் என்று கிளம்பினாள். அவளை வழியனுப்பும் சாக்கில், நாங்களும் முட்டி வைத்தியத்துக்கு வேலூர் போகிறோம் என்று ஜுவேரியா ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு இராத்திரி மனசு உறுத்தத்தான் செய்தது.

பத்திரம் முடிந்தது. யார் கண்ணிலும் படாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பெனி லாரியில் சாமான் ஏறியது. கொட்டிவாக்கம் வீட்டில் குடியேறிய அன்று தௌசீஃப் காரணமே இல்லாமல் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தார். ஜுவேரியா சேமியா பாயசம் காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் அன்புச்செல்வி.

“இன்னாக்கா, வேலூர் போறேன்னு சொன்ன?”

“எண்ணூர்ல உங்கம்மா எப்படி இருக்காங்க?” என்றாள் ஜுவேரியா.

இருவருக்கும் முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சாந்தோமில் ஜுவேரியாவின் பக்கத்து வீட்டுக்காரரான அய்யாதுரை அமெரிக்காவில் மகனிடம் போவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர் இதே கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார் என்றாள் அன்புச்செல்வி. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இங்கேதானாம். அவர்களுக்கும் விற்றுத் தந்தவன் நாகராஜ்தான். கண்ணுக்குப் பயந்து ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

“உன் வீட்டை யாருடி வாங்குனது?”

“யாரோ ஒரு ஆளுக்கா. கை நெறைய மோதிரம் போட்டுக்கினு வந்தாரு. வூட்டுக்குள்ளகூட வரல, நேரா மொட்டை மாடிக்குப் பூட்டாரு.”

ஜுவேரியாவின் சிரிப்பு நின்றுபோனது. தனித்தனியாக விற்றால் அவை ஆறு பழைய வீடுகள். ஒரே கையில் சேர்ந்தால் கடலோரத்து மனை. ஒரே ஒரு நாள் ஆறு பேரும் மனசுவிட்டுப் பேசியிருந்தால், அதே இடத்தில் ஆளுக்கொரு புது வீடு கட்டிக் கொடு என்று எந்தக் கம்பெனியையும் கேட்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து இனிப்புப் பெட்டியோடு இறங்கினான் நாகராஜ்.

“ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. எங்க அடுத்த ப்ராஜெக்ட் சாந்தோம்ல, நீங்க இருந்த அதே இடத்துல வருது. உங்களுக்குன்னா முதல் சலுகை,” என்றவன், இருவருக்கும் ஆளுக்கொரு லட்டை நீட்டினான். “இந்த வீட்டை விக்கிற கவலையை எங்ககிட்ட விட்டுடுங்க.”