பாதி செருகிய ஒயர்

கம்ப்யூட்டரில் பாட்டு ஓடியது, ஸ்டீரியோவில் சத்தமே வரவில்லை. சாயங்காலத்துக்குள் பாடாவிட்டால் இரண்டையும் பழைய இரும்புக் கடையில் போடுவதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார்.

"நான் முழுச் சத்தத்துல பாடுறேன். உனக்குத்தான் காது கேக்கலை," என்றது கம்ப்யூட்டர்.

"நான் குமிழைக் கடைசிவரைக்கும் திருகி வெச்சிருக்கேன். நீ வாயே திறக்கலை," என்றது ஸ்டீரியோ.

நடுவில் தொங்கிய ஒயர், "அண்ணே, என்னைப் பாதிதான் செருகியிருக்காங்க," என்று மூன்று முறை சொன்னது. சுவரிலிருந்த பல்லிக்கு மட்டும் அது கேட்டது. பல்லி ஓடிவந்து ஒயரின் முனையைத் தலையால் ஒரே முட்டு முட்டி உள்ளே தள்ளியது.

ஜன்னல் அதிர்ந்தது. டம்ளர் குத்தாட்டம் போட்டது. பல்லியின் வால் தனியாகத் துள்ளியது.

"என் பாட்டு," என்றது கம்ப்யூட்டர்.

"என் குரல்," என்றது ஸ்டீரியோ.

"ரொம்ப நன்றி தங்கச்சி," என்றது ஒயர்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு," என்றது பல்லி. "காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல்."