பழைய துணி

“மறுபடியும் சிக்கனப் பாடமா?”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். மனைவி காதில் இயர்போனோடு செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் துணி வெட்டும் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“தேய்ஞ்ச சோப்பை ஒட்டவைக்கிறது, பேஸ்ட் ட்யூபை வெட்டி வழிக்கிறது... எல்லாம் நீ முப்பது வருஷமா செய்யறதுதானே! கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கறாளா அவ?”

அவள் செல்போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“சரி, இன்னிக்கு என்ன?”

“டயப்பர் வாங்காம, பழைய துணியில குழந்தைக்குத் தைக்கிறது.”

“நம்ம ரெண்டு பேர்ல யாருடி குழந்தை?”

அவள் செல்போனிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். குரல் அறையை நிறைத்தது.

“தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், குழந்தைக்கு உறுத்தாது. எங்கப்பா அப்படித்தான் தைப்பார். பிறக்கப்போற என் குழந்தைக்கு இப்பவே பத்து தைச்சு வச்சுட்டேன்.”

நாலு வருஷத்துக்கு முன், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதற்காக, ‘அவ பேச்சையே எடுக்கக்கூடாது’ என்று அவர் தலைமுழுகிய மகளின் குரல்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய், அலமாரியிலிருந்து தன் பழைய, மெத்தென்ற போர்வையை எடுத்து வந்தார்.

“எத்தனாவது மாசமாம்?”