மிதித்துப் பிடித்த வார்

ஆலை வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலைநிறுத்தம் செய்தவர்களைக் காவலாட்கள் தடியால் விளாசுகிறார்கள். ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல் சத்தம் கேட்கிறது. பத்திரிகைப் படக்காரியின் கேமரா முக்காலி சற்று முன்புதான் உதைபட்டு, கால் ஒடிந்து, சாக்கடையோரம் கிடக்கிறது. கேமராவைக் கையில்தான் பிடித்தாக வேண்டும். கையோ நடுங்குகிறது, ஏனென்றால் தரையில் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கிடப்பவன் அவள் தம்பி. கூட வந்த செய்தியாளன் அவள் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். "படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், வா அக்கா!" அவள் உதறுகிறாள். "போன வாட்டி எடுத்தது கலங்கிப்போச்சு. அடிச்சவன் யாருன்னே தெரியலன்னு சொல்லி போலீஸ்ல கேஸ விட்டுட்டானுங்க. கைய எடுடா, ஆடுது." பையின் நீள வாரைக் கழற்றிக் கேமராவின் அடியில் முடிந்து, மறுமுனையைச் செருப்புக்காலால் மிதித்து, வார் விறைக்கும்வரை மேலே இழுக்கிறாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்கிறாள். பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்துகிறாள். தடி இறங்குகிறது. "அக்கா!" என்று தம்பி கதறுகிறான். வார் அசையவில்லை. அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று தடிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். வியர்வை, பல், மூக்கோரத் தழும்பு எல்லாம் லென்சுக்கு நேரே. "ஏய், அதக் கீழ போடுடி!" என்று ஓடி வருகிறான். வர வர முகம் பெரிதாகிறது. விலகினால் படம் கலங்கிவிடும். அவள் பொத்தானைத் தட்டாமல், மெல்ல, அடிவரை அமுக்குகிறாள். தடி அவள் தோளில் இறங்கும்போது அந்த முகம் கேமராவுக்குள் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் "தம்பீ" என்று வாய்விட்டு அலறுகிறாள்.